நுனி அறுத்த சிவப்பு ராடு

வண்டி கீழே இறங்கியது பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு. ஆனால் காரியம் கெடத் தொடங்கியது அதற்கு அரை மணி நேரம் முன்னால், காலை பதினொன்று இருபதுக்கு. இந்த இரண்டு நேரமும் என் ஞாபகத்திலிருந்து வந்தவை அல்ல. அன்று எங்களோடு இருந்த சௌத்ரி, மண் பரிசோதனை வேலையில் இருப்பவர். தும்மினால்கூட நேரம் போட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறவர். அந்தப் பக்கத்தைப் பிறகு எனக்குப் படமெடுத்து அனுப்பினார். 'பதினொன்று இருபது: மேடம் தன் மகளை முதலில் அனுப்ப முடிவு செய்தார்' என்று அதில் இருக்கிறது. அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கோயம்புத்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் டிப்ளமா முடித்துவிட்டு வந்து நம் ஜீப் யார்டில் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்காக இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்ற என்னை வழியனுப்பிய அன்று, கையில் சமோசாவோடு நின்றுகொண்டு, சுவரில் தனியாகத் தொங்கும் சிவப்பு பெயின்ட் அடித்த ஜாக்கி ராடைக் காட்டி, "இதுக்கு மட்டும் ஏன் மேடம் நுனிய அறுத்து வெச்சிருக்கு?" என்று கேட்டீர்கள். கேக் வெட்டுகிற அவசரத்தில் பதில் சொல்ல முடியவில்லை. இந்தி இன்னும் பிடிபடவில்லை, தமிழிலேயே எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்டீர்கள். அது எனக்கும் வசதிதான். என் மகள் சங்கவி டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். ஆகவே அவளைப் பற்றி நான் தைரியமாக எழுதலாம்.

முதலில் ஒரு டிபன் டப்பாவின் கதை. அது இல்லாமல் மற்றது புரியாது.

நான் யார்டில் சேர்ந்து எட்டாவது வருடம். இன்று உங்கள் எல்லோரையும் நடுங்க வைக்கும் நம் தலைமை மெக்கானிக், கட்வால் மலைக்காரர், அப்போது ஒல்லியாக, மீசை கறுப்பாக இருந்தார். ஒரு ஜீப்பின் பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, சேஸிஸுக்கு அடியில் கான்கிரீட் கட்டைகளை வைத்துவிட்டு அடியில் படுத்திருந்தார். நான் வெளியே இருந்தேன். சுத்தியல் சத்தம் நின்றது. வேலை முடிந்து மறுபக்கமாக வெளியேறிவிட்டார் என்று நானே நினைத்துக்கொண்டு, ராடை வால்வில் மாட்டித் திருகிவிட்டேன். வண்டி இறங்கி, கட்டைகளின் மேல் உட்கார்ந்து நின்றது. கட்டைகள் இல்லையென்றால் நான் இன்று உங்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவர் மெதுவாக உருண்டு வெளியே வந்தார். தொங்கிய சக்கரத்துக்கு அடியில், நிழலில் அவர் வைத்திருந்த டிபன் டப்பாவை எடுத்து என்னிடம் காட்டினார். நசுங்கிச் சப்பாத்தி போல இருந்தது. உள்ளே நான் காலையில் அவருக்குக் கொடுத்த எலுமிச்சை சாதம். "மேடம்ஜி, இன்னிக்கு டப்பாவோட போச்சு," என்று இந்தியில் சொன்னார்.  ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மதியமே நான் ஒரு விதி போட்டேன். நாம் பயன்படுத்தும் பாட்டில் ஜாக்கிக்கு ராடு ஒன்றுதான். அதைச் செருகி மேலும் கீழும் அடித்தால் வண்டி ஏறும். அதே ராடின் நுனியில் இருக்கும் பிளவை வால்வில் மாட்டித் திருகினால் வண்டி இறங்கும். ராடு இல்லையென்றால் இரண்டும் நடக்காது. ஆகவே, வண்டிக்கு அடியில் போகிறவர் ராடைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவர் வெளியே வரும்வரை உலகத்தில் யாராலும் அந்த வண்டியை இறக்க முடியாது. பதினாறு வருடம் அந்த விதி நம் யார்டில் தவறியதே இல்லை. ஒருவரையும் அது கைவிடவும் இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் கர்வமே உண்டு. அந்தக் கர்வத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது யமுனைக்கு வருவோம்.

நம்மிடம் ஜீப் வாடகைக்கு எடுக்கும் ஒரு மண் பரிசோதனை நிறுவனத்தில் சங்கவி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வண்டியைக் கொண்டுபோகும் முன் அவர்களுடைய ஆட்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுப்பது என் வேலை. மற்றவர்கள் எல்லாம் முடித்திருந்தார்கள். மிச்சம் இரண்டு பேர்: சூப்பர்வைசர் சௌத்ரி, என் மகள். பிப்ரவரி மாதத்தில் ஒரு காலை, மூடுபனி விலகிய பிறகு, டெல்லிக்கு வடக்கே ஆற்றங்கரை வயல்களுக்கு மூவரும் ஒரே ஜீப்பில் போனோம். நான்தான் ஓட்டினேன். வகுப்பில் தன்னை மகள் என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்று சங்கவி முந்தின நாளே சட்டம் போட்டிருந்தாள். என்னை 'மேடம்' என்றே கூப்பிட்டாள். சௌத்ரிக்கு அது பெரிய வேடிக்கை. ஹரியானாவில் ரோத்தக் பக்கத்துக்காரர், ஐம்பது வயது, உடம்பும் சிரிப்பும் பெரியவை. வழியெல்லாம், பிராக்டிகலில் மகளுக்கு முழு மார்க்கும் தனக்குப் பாதி மார்க்கும்தானே என்று கிண்டல் செய்துகொண்டே வந்தார். நானும் சிரித்தேன். ஆனால் அது உள்ளே எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

கெட்டியான மேட்டு நிலத்தில் நிதானமாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது என் திட்டம். அங்கே போய்ச் சேரும் முன்பே, முள்ளங்கி வயலின் ஓரத்து மணலில், யாரோ விட்டுப்போன நைலான் கயிறு ஒன்று பின்சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டது. ஷாஃப்ட் இறுகியது. நான் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். வலதுபக்கச் சக்கரங்கள் மணலுக்குள் போயின. சரி, பயிற்சி தானாகவே வந்துவிட்டது என்று சொல்லி இறங்கினேன். சிரித்தோம். சாப்பாட்டுப் பையையும் பிளாஸ்க்கையும் எடுத்து வரப்பில் விரித்த பிளாஸ்டிக் ஷீட்டில் வைத்தோம்.

சரியாகச் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன், எனக்கும் கொஞ்சம் மானம் வேண்டுமல்லவா. கியரில் போட்டேன், ஹேண்ட்பிரேக் இழுத்தேன், முன்சக்கரங்களுக்கு இருபுறமும் செங்கல் வைத்தேன். வலதுபக்கம் புதைந்திருந்ததால், பின் ஆக்ஸிலின் இடதுபக்கம் ஜாக்கி வைத்து ஏற்றினேன். ஸ்டெப்னியைக் கழற்றி, சேஸிஸுக்கு அடியில் படுக்கவைத்துத் தள்ளினேன். ஜாக்கி ஏற்றுவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. தாங்க வேறொன்று அடியில் இருந்தே ஆக வேண்டும். இதை நீங்கள் தூக்கத்திலும் சொல்லுமளவுக்கு உங்களைப் படுத்தியிருக்கிறேன்.

தவறு ஜாக்கிக்கு அடியில் இருந்தது. மணலில் ஜாக்கி புதையாமலிருக்க ஒரு பலகை வேண்டும். நான் வைத்த பலகை சின்னது. பெரியது யார்டிலேயே இருந்தது. போதும் என்று நினைத்தேன். மேலே காய்ந்த மணல், ஒரு சாண் அடியில் ஆற்று ஈரம். இப்படிப்பட்ட மண் உடனே காட்டிக்கொடுக்காது. மெதுவாகத்தான் அமுங்கும். அதனால்தான் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. இளகிய மண்ணில் வண்டியை ஏற்றிய பிறகு, யாரும் அடியில் போகும் முன், பிளாஸ்க்கிலிருந்து ஒரு டம்ளர் டீ ஊற்றி முழுதாகக் குடிப்பேன். பிறகு குனிந்து ஜாக்கியை இரண்டாம் முறை பார்ப்பேன். சாய்ந்திருந்தால் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். மேடத்துக்கு டீ இல்லாமல் ஜாக்கி ஏறாது என்று டிரைவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அன்று டம்ளரைக் கையில் எடுத்தேன். சௌத்ரி கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் யார் போவது என்று கேட்டார். அவர் போயிருந்தால் நான் டீ குடித்திருப்பேன், இரண்டாம் முறை குனிந்திருப்பேன், பலகையைத் திட்டிவிட்டு வேறு பலகை தேடியிருப்பேன். ஆனால் என் மகள் என்று வந்ததும், நான் அவளைத் தாங்குகிறேன் என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்று தோன்றியது. சலுகை இல்லை என்று காட்ட அவளையே முதலில் அனுப்பினேன். அதே காரணத்துக்காக டம்ளரைக் கீழே வைத்தேன். ஊரார் பிள்ளை எல்லோருக்கும் செய்ததைப் பெற்ற பிள்ளைக்குச் செய்யவில்லை. பதினொன்று இருபது.

சங்கவி கத்தியை எடுத்துக்கொண்டாள். கேட்காமலேயே ராடையும் எடுத்துக்கொண்டாள். இடதுபக்கமாக மல்லாந்து நகர்ந்து உள்ளே போனாள். கயிறு நன்றாகச் சுற்றியிருந்தது. இழை இழையாக அறுத்து, துண்டுகளை வெளியே எறிந்துகொண்டே, எந்த இழை எப்படி இறுகியிருக்கிறது என்று சௌத்ரிக்குக் கீழேயிருந்து வகுப்பெடுத்தாள். அவர் எழுதிக்கொண்டார். நானும் நிம்மதியாக நின்றேன்.

பிறகு ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. ஈரப் போர்வையை மடித்துத் தரையில் போட்டது போல. பலகையின் ஒரு பக்கம் மணலுக்குள் போய், ஜாக்கி சாய்ந்து, இடதுபக்கம் முழுவதும் இறங்கி ஸ்டெப்னியின் மேல் உட்கார்ந்தது. கால் வைத்து ஏறும் பக்கவாட்டுப் படி கிட்டத்தட்ட மணலைத் தொட்டது. சங்கவி போன வழி மூடிக்கொண்டது.

"மேடம்," என்றாள் கீழேயிருந்து. "வண்டி எறங்கீருச்சு."

"அடி பட்டுச்சா?"

"இல்ல. ஆனா நகர முடியல. ஜாக்கெட் டயர்ல மாட்டிருச்சு. மூஞ்சிக்கு நேரா ஷாஃப்ட் இருக்குது. ரெண்டு விரல் கேப்."

சௌத்ரி நோட்டை எறிந்துவிட்டு ஓடிப்போய்ப் பின் பம்பரைப் பிடித்தார். அவர் பலத்துக்கு அதைக் கொஞ்சம் தூக்கியும் இருப்பார். தூக்கியிருந்தால் சாய்ந்த ஜாக்கி நழுவியிருக்கும், ஸ்டெப்னியும் இடம் மாறியிருக்கலாம். நான் கத்தினேன். பணியில் இருந்த இருபத்து நான்கு வருடத்தில் நான் கத்தியது அந்த ஒரு முறைதான். வண்டியில் யாரும் கை வைக்கக் கூடாது, சாயக்கூடக் கூடாது என்று சொன்னேன். அவர் சூடு பட்டவர் போலக் கையை எடுத்தார். அன்று நான் செய்த ஒரே நல்ல வேலை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். நீங்களும் இதை வைத்துக்கொள்ளுங்கள்: வண்டி இறங்கிவிட்டால், முதல் வேலை எதையும் செய்யாமல் மற்றவர்களையும் செய்யவிடாமல் நிறுத்துவது.

பிறகுதான் கேட்டேன். "அம்மிணி, ராடு எங்க?"

"எங்கிட்டத்தான் இருக்குது மேடம். நீங்க சொன்ன மாதிரியே."

"வெளிய தள்ள முடியுமா?"

"முடியல. முதுகுக்கு அடில மாட்டிருச்சு."

பதினாறு வருடம் நான் கர்வப்பட்ட விதி அங்கே மகளோடு படுத்திருந்தது. கான்கிரீட் தரையில் வெளியே இருப்பவர் செய்யக்கூடிய கெடுதல் ஒன்றுதான்: வண்டியை இறக்குவது. அதை மட்டும் யோசித்து விதி போட்டிருந்தேன். மணலில் வண்டி தானாகவே இறங்கும், அப்போது வெளியே இருப்பவர் ஏற்ற வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. யார்டின் தரையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு வந்திருந்தேன்.

யார்டுக்குப் போன் செய்தேன். தலைமை மெக்கானிக் எடுத்தார். இடத்தைச் சொன்னேன். வேறு என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. எப்படி வேகமாக வந்தாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பது மட்டும் தெரியும்.

மண்வாரி இருந்தது. சக்கர ஸ்பேனர் இருந்தது. எல்லாம் பின்சீட்டுக்கு அடியில், வண்டிக்குள்ளே பத்திரமாக இருந்தன. கதவைத் திறந்து ஏறினால் வண்டி அசையும். ஏற்றுவதற்கு முன்பே வேண்டியதையெல்லாம் எடுத்து வெளியே வைக்க வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கும். நான் எடுத்து வெளியே வைத்தது சாப்பாட்டுப் பையை.

எனக்கு ஒன்று தெரிந்தது. ஸ்டெப்னி ஒன்றே அந்த எடையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதற்குத் துணையாக இன்னொன்றை அடியில் கொடுக்காமல் வேறு எதையும் தொடக் கூடாது. வயலின் கோடியில் பம்ப் ஷெட் ஒன்று தெரிந்தது. அகலமான பலகை, செங்கல், எது கிடைத்தாலும் கொண்டுவரச் சொல்லி சௌத்ரியை அனுப்பினேன். அவர் போய் வர ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடம் நான் மணலில் படுத்துக்கொண்டு, பக்கவாட்டுப் படிக்கும் மணலுக்கும் நடுவே இருந்த சந்தில் என் மகளின் நெற்றியையும் ஒரு கண்ணையும் பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் இருந்தேன். என் பணி வாழ்க்கையில் அதைவிடக் கடினமான வேலை எதையும் நான் செய்ததில்லை. கைகள் தாமாகத் தோண்டப் போயின. இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னிக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டாள்.

"எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு."

"அப்பளம்?"

"இருக்குது."

"அப்ப ஜல்தி பண்ணுங்க மேடம்."

 பிறகு வேறு குரலில் கூப்பிட்டாள்.

"ம்மா."

"சொல்லு கண்ணு."

"முதுகு ஈரமாகுது."

எடை இறங்கிய இடத்தில் மணலுக்குள்ளிருந்து தண்ணீர் மேலே வருகிறது என்று அர்த்தம். தண்ணீர் வந்தால் ஸ்டெப்னியும் மெல்ல இறங்கும். இரண்டு விரல் இடைவெளி. ஒன்றரை மணி நேரம் எங்களிடம் இல்லை.

அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வழியும் காட்டியது. அதுவரை என் தலையில் ஒரே நினைப்பு: வண்டியை எப்படி ஏற்றுவது. ஈரம் என்றதும், அவள் முதுகுக்கு அடியில் இருப்பது கான்கிரீட் இல்லை, மணல் என்று உறைத்தது. பலகையை விழுங்கிய மணல் எங்களுக்கும் வழிவிடும். வண்டி ஒரு அங்குலம்கூட ஏற வேண்டியதில்லை. சங்கவி ஒரு சாண் இறங்கினால் போதும்.

சௌத்ரி திரும்பி வந்தார். தலையில் வாய்க்காலைக் கடக்கப் போட்டிருந்த அகலமான பலகை. பின்னால் முள்ளங்கி வயலின் சொந்தக்காரப் பெண், முந்தானை நிறையச் செங்கல், இடுப்பில் களைக்கொத்து. பலகையை ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், மணலின் மேல் அழுந்தாமல் சரித்து உள்ளே விட்டோம். அதன்மேல் செங்கல், செங்கலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே மரத்துண்டு. இடிக்காமல், தட்டாமல், தள்ளித் தள்ளி வைத்தோம். மரத்துண்டு இறுகியதும்தான் எனக்கு மூச்சு வந்தது. பிறகு, ஸ்டெப்னியிலிருந்து தள்ளி, முன்சக்கரத்துப் பக்கமாக, அவள் தலை இருந்த இடத்தில் தோண்ட ஆரம்பித்தோம்.

அந்தப் பெண்ணிடம் களைக்கொத்து. சௌத்ரிக்கு இரண்டு பெரிய கைகள். நான் டிபன் கேரியரைத் திறந்து, சாதத்தை ஷீட்டில் கொட்டிவிட்டு, டப்பாவால் அள்ளினேன்.

"அது என்ன சத்தம்?"

"டிபன் டப்பா."

"சாதத்தக் கொட்டிட்டயா?"

"கொட்டிட்டேன்."

"உருளைக்கிழங்கையுமா?"

உருளைக்கிழங்கை மட்டும் ஒரு மூடியில் ஒதுக்கி வைத்திருந்தேன். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

முள்ளங்கி வயல் பெண் எங்கள் இருவரையும்விட நன்றாகத் தோண்டினாள். பள்ளத்தின் ஓரம் சரியாமல், உள்பக்கம் சாய்த்து, நிதானமாக மண்ணை இழுத்தாள். கைகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சங்கவியோடு பேச்சும் கொடுத்தாள். பெயர் என்ன, எந்த ஊர், என்ன படிப்பு என்று கேட்டுவிட்டு, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள்.

"ம்மா," என்றது வண்டிக்கு அடியிலிருந்து. "இவங்களையும் நீதான் சொல்லி வெச்சயா?"

சௌத்ரி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன் என்று அவர் சொல்கிறார். என் கன்னம் ஈரமாக இருந்தது மட்டும்தான் எனக்கு ஞாபகம்.

தலைக்கு அடியில் பள்ளம் வந்தது, பிறகு தோளுக்கு அடியில். அவள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாள். மாட்டிக்கொண்ட ஜாக்கெட்டிலிருந்து கைகளை உருவிக்கொள்ள இடம் கிடைத்தது. அந்தப் பெண் ஒரு தோளையும் நான் ஒரு தோளையும் பிடித்து, மணலோடு மணலாக, படிக்கு அடியில் வழுக்கி இழுத்தோம். சௌத்ரியின் நோட்டில் 'பன்னிரண்டு முப்பத்தெட்டு: வெளியே' என்று இருக்கிறது. வேறு ஒன்றும் எழுதவில்லை. அவர் கையெழுத்து அந்த வரியில் மட்டும் கோணலாக இருக்கிறது.

சங்கவி எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடி முழுவதும் மணல், மூக்கில் க்ரீஸ். வலது கையை நீட்டினாள். அதில் ராடு இருந்தது. உடம்பு இறங்கியதும் அது விடுபட்டிருக்கிறது. விட்டுவிட்டு வராமல் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். "இந்தாங்க மேடம்," என்றாள். அதை வாங்கி, ஒட்டியிருந்த மணலைத் துடைத்தேன்.

இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டேன் என்று நேராகச் சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை. விதி தவறு என்று அன்று முழுவதும் நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், ராடு வெளியே இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே நாங்கள் அதைச் செருகி அடித்திருப்போம். சாய்ந்து நின்ற ஜாக்கி ஏறியிருக்காது, பக்கவாட்டில் எகிறியிருக்கும். மகளை மாட்டிவைத்ததும் அந்த விதிதான், எங்கள் அவசரத்தைக் கட்டிப்போட்டதும் அதுதான். ஆகவே அதை எடுக்கவில்லை. ஓய்வு பெறும் முன், எனக்கு மிச்சமிருந்த நாட்களில் ஒன்று மட்டும் சேர்த்தேன். ஒவ்வொரு ஜீப்போடும் இரண்டாவது ராடு ஒன்று போகும். வால்வைத் திருகும் பிளவுள்ள நுனியை அதில் அறுத்து எடுத்துவிட்டோம். அதைக் கொண்டு வண்டியை ஏற்றலாம், இறக்கவே முடியாது. சிவப்பு பெயின்ட் எதற்கென்றால், அதை எடுக்கிறவர் ஒரு கணம் நின்று, ஜாக்கி நேராக நிற்கிறதா என்று பார்ப்பதற்காக. சுவரில் நீங்கள் பார்த்தது முதலில் அறுத்த ராடு. கொஞ்சம் கோணலாக இருக்கும். நானே அறுத்தேன்.

டீயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அடியில் போவது யாராக இருந்தாலும் குடியுங்கள். சொந்தப் பிள்ளையாக இருந்தால் இரண்டு டம்ளர் குடியுங்கள்.

சங்கவி இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறாள். அதே ஜீப்பில்தான் போகிறாள். நான் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை 'எங்க இருக்க?' என்று கேட்டு அனுப்புவேன். அவள் சக்கரங்கள் நான்கும் தரையில் இருக்கும் படத்தை அனுப்புவாள். பூசா ரோட்டில் யாராவது காரை ஜாக்கியில் ஏற்றி வைத்திருந்தால் நான் இன்னும் சாலையைக் கடந்து போய்க் குனிந்து பார்க்கிறேன். இரண்டு டாக்சிக்காரர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். என் கணவருக்கு இந்தக் கதையில் பாதிதான் தெரியும். அவர் தமிழ் படிப்பார் என்பதால், இந்தத் தாள்களை யார்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது.

அன்று ஒரு மணி சுமாருக்கு, வரப்பில் உட்கார்ந்து, சங்கவி மூடியில் இருந்த உருளைக்கிழங்கையும், அந்தப் பெண் கழுவிக் கொடுத்த முள்ளங்கியையும் மாறி மாறித் தின்றுகொண்டிருந்தாள். தோளில் சௌத்ரியின் சால்வை. அப்போது நம் மீட்பு வண்டி தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ஒன்றரை மணி நேர வழியை ஒரு மணியில் வந்திருக்கிறார்கள். நிற்பதற்குள் குதித்து இறங்கினார் தலைமை மெக்கானிக்.  நேராக ஜீப்புக்குப் போய், நரைத்த தலை மணலில் படும்படி குனிந்து அடியில் பார்த்தார். ஜாக்கெட்டைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து திரும்பி எங்களைப் பார்த்தார்: முள்ளங்கியைக் கடித்தபடி கையசைத்த சங்கவியை, என் மடியில் கிடந்த ராடை, மணலில் நெளிந்து கோணிக் கிடந்த டிபன் டப்பாக்களை.

அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"போன்ல ராடு உள்ள இருக்கு, ராடு உள்ள இருக்குன்னு நாலு தடவ சொன்னீங்க மேடம்ஜி. யாரு உள்ள இருக்காங்கன்னு சொல்லவே இல்ல. ராடு உள்ள இருந்தா ஒரு ஆளும் உள்ள இருக்கு, அது போதும்னு கிளம்பி வந்தோம்."

பிறகு குனிந்து ஒரு டப்பாவை எடுத்து, மணலைத் தட்டி, தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இந்தத் தடவையும் டப்பாவோட போச்சா?"